புதிரும் புலனாய்வும்: பக்தாத் முதல் விழுப்புரம் வரை

   

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு நிர்வாகிகள் நம்மைக் கேட்டுக்கொண்டபோது, எழுதுவதற்குப் பல பொருள்கள் இருந்தன. ஆயினும் சில மாதங்களுக்கு முன் நிகழ்ந்த ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலாமையால், அதனையொட்டிய வரலாற்றையே எழுதத் துணிந்தோம்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை நம்மிடம் வந்து அமர்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் விம்மியவாறே கூறினார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனிடம் யாரோ ஒருவர் மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, அவனது வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் வாங்கிச் சென்றிருக்கிறார். எங்கோ தொலைவில் ஒரு முதியவரைத் தொலைபேசியில் ஏமாற்றிப் பறித்த பணம், அந்தக் கணக்கின் வழியாகப் போயிருக்கிறது. வெளிமாநிலக் காவலர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் பையனுக்கே செய்தி தெரிந்தது. "ஹஜ்ரத், என் பிள்ளை திருடன் இல்லை" என்பதையே அவர் மீண்டும் மீண்டும் சொன்னார்.

அந்தப் பையனை நாம் நன்கறிவோம். நம்மிடம் மக்தபில் ஓதியவன். பத்திரிகையில் வரும் எண் புதிர்களைக் கிதாபுக்குள் மறைத்து வைத்துத் தீர்த்துக்கொண்டிருப்பான். அதற்காக அவனை நாம் பலமுறை கண்டித்ததுண்டு. "இந்த வீண் வேலை உனக்கு எதற்குப் பயன்படும்?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. உண்மையில் அக்கேள்விக்குப் பதில் தேடியிருக்க வேண்டியவர்கள் நாமே. காலந்தாழ்ந்தேனும் அதனைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மிம்பர் மீது ஒரு கணக்கு

புதிர் தீர்ப்பதை வீண்பொழுது என்று நம் முன்னோர் எண்ணியதில்லை. வாரிசுரிமைச் சட்டத்தைப் பயிலும் ஒவ்வொரு மதரஸா மாணவரும் 'மிம்பரிய்யா' என்னும் கணக்கை அறிவார். இறந்தவருக்கு மனைவி ஒருவர், மகள்கள் இருவர், தாய், தந்தை ஆகியோர் வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று. தந்தைக்கு ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4 எனக் கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகிறது. இருப்பதோ 24. எங்ஙனம் பிரிப்பது?

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது இக்கேள்வி கேட்கப்பட்டதாகவும், உரையை நிறுத்தாமலேயே அந்த மனைவியின் எட்டில் ஒன்று இப்போது ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என விடையளித்ததாகவும் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. சொத்தை 27 பங்காக்கினால் மனைவிக்குரியது 3. அதாவது ஒன்பதில் ஒன்று. ஒருவருக்கும் முழு இழப்பின்றி, குறைவை அனைவரும் தத்தம் அளவில் ஏற்கின்றனர். கணக்கில் தேர்ந்தவர் இல்லாவிடில் அந்தக் கைம்பெண்ணுக்கு நீதி கிடைத்திராது. புதிர் தீர்க்கும் அறிவு நீதியோடு கைகோத்தே வளர்ந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

மறையெழுத்தை உடைத்தவர்கள்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களை அரபு இலக்கணம் கற்றோர் அறிவர். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும், 'கிதாபுல் ஐன்' என்னும் அகராதிக்கு அடித்தளமிட்டவரும் அவரே. யூனானி மொழியில் மறைவாக எழுதப்பட்ட மடல் ஒன்று அவரிடம் வந்ததாகவும், மடலின் தொடக்கத்தில் இறைவனின் பெயர் இருந்தே தீரும் என ஊகித்து, அந்தச் சொற்களைத் திறவுகோலாகக் கொண்டு மற்ற எழுத்துகளை அவர் கண்டுபிடித்ததாகவும் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அவருக்குப் பின் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தி, இக்கலையை அறிவியலாகவே ஆக்கினார். மறையெழுத்துகளை விடுவிப்பது குறித்து அவர் எழுதிய ஏடு இஸ்தான்பூல் சுலைமானிய்யா நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, 1980-களில் அச்சில் வெளிவந்தது. அவர் கூறிய முறை எளியது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அரிதாகவே வரும். தமிழையே எடுத்துக்கொள்வோம். 'ம்' இல்லாத பத்தியைக் காண்பது அரிது. 'ஔ' உள்ள பத்தியைக் காண்பதும் அரிது. எழுத்துகளை மாற்றி எழுதிய மடலிலும் இந்த விகிதம் மாறாது. ஆகவே மடலில் மிகுதியாக வரும் குறி எது எனக் கணக்கெடுத்து, அம்மொழியில் மிகுதியாக வரும் எழுத்தோடு ஒப்பிட்டால், முடிச்சு ஒவ்வொன்றாக அவிழும். இரகசியக் குறியீடுகளை உடைப்பது பற்றி இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் காலத்தால் முந்தியது இதுவே எனப்படுகிறது.

கலீல் அவர்களின் உத்தி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பயன்பட்டது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் 'எனிக்மா' என்னும் இயந்திரத்தால் செய்திகளை மறைத்தனர். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் 1932-லேயே அதன் முதல் பூட்டைத் திறந்தனர். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் முதலானோர் அப்பணியைத் தொடர்ந்தனர். வானிலை பற்றிய சொற்கள் செய்தியில் எப்படியும் இடம்பெறும் என ஊகித்து, அச்சொற்களையே திறவுகோலாக்கினர். எந்த எழுத்தும் எனிக்மாவில் அதே எழுத்தாக மாறாது என்னும் சிறு குறையும் அவர்களுக்கு உதவியது.

டூரிங்கின் தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர் என்பதும், தாயார் நம் தமிழ்நாட்டின் போத்தனூரில் 1881-இல் பிறந்தவர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. தாய்வழிப் பாட்டனார் மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர்.

பிளெட்ச்லி பார்க்கிற்கு ஆள் சேர்த்த முறைகளில் ஒன்று நம் கட்டுரைக்கு மிகவும் பொருந்துவது. 1942 ஜனவரியில் இலண்டன் 'டெய்லி டெலிகிராப்' நாளிதழ், குறுக்கெழுத்துப் புதிரைப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முடிக்கும் போட்டியொன்றை நடத்தியது. அதில் கலந்துகொண்ட சிலருக்குப் பின்னர் போர்த்துறையிலிருந்து அழைப்பு மடல் வந்தது. கிதாபுக்குள் புதிரை ஒளித்து வைத்த பையனை நாம் கண்டித்தோம். அவர்களோ அத்தகையவர்களைத் தேடித் தேடி அழைத்தனர்.

ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1872-இல் வங்காளத்தின் குல்னாப் பகுதியில் பிறந்த காஸி அஸீஸுல் ஹக், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். சிறுவனாகக் கல்கத்தாவுக்கு ஓடி வந்து, பிறர் ஆதரவில் கல்வி கற்று, பிரெசிடென்சி கல்லூரியில் கணிதத்தில் சிறந்து விளங்கினார். அப்போது வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றி, கணக்கில் வல்ல மாணவர் ஒருவரை அனுப்புமாறு கல்லூரி முதல்வரைக் கேட்க, ஹக் அனுப்பப்பட்டார்.

ஹென்றிக்கு இருந்த சிக்கல் இதுதான். ஒருவரின் கைரேகை மற்றவருக்கு இராது என்பது அறியப்பட்டிருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான கைரேகைத் தாள்களுக்கிடையே வேண்டிய ஒன்றை எவ்வாறு விரைந்து கண்டெடுப்பது? பெயரைக் கொண்டு தேட இயலாது. குற்றவாளி பெயரை மாற்றிக்கொள்வான்.

ஹக் கண்ட விடை கணக்காக அமைந்தது. பத்து விரல்களை ஐந்து இணைகளாக்கினார். இணைகளுக்கு முறையே 16, 8, 4, 2, 1 என மதிப்புக் கொடுத்தார். ஒரு விரலில் சுழி வடிவ ரேகை இருந்தால் மட்டுமே அம்மதிப்பு சேரும். வலது கட்டை விரலில் தொடங்கி இடது சுண்டு விரல் வரை எண்ணும்போது, இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்தால் மேல் எண். ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்று சேர்த்தால் கீழ் எண். இரு கட்டை விரல்களில் மட்டும் சுழி உள்ளவருக்கு, இடது கட்டை விரல் ஆறாவது விரலாதலால் மேலே 4+1=5; வலது கட்டை விரல் முதல் விரலாதலால் கீழே 16+1=17. மேலே 32 வகை, கீழே 32 வகை. பெருக்கினால் 1,024. ஆகவே 1,024 அறைகள் கொண்ட அலமாரி போதும். எந்தத் தாள் எந்த அறையில் இருக்கும் என்பதை விரல்களே சொல்லிவிடும். வாசகர்கள் தம் விரல்களைப் பார்த்துத் தமக்குரிய அறையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஹக்குடன் பணியாற்றிய ஹேமச்சந்திர போஸ், கைரேகை விவரங்களைத் தந்தி வழியே அனுப்பும் குறியீட்டு முறையை உருவாக்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் நிறுவப்பட்டது. இலண்டன் ஸ்காட்லாந்து யார்டில் இம்முறை நுழைந்ததோ 1901-இல்தான். ஆயினும் உலகம் இதனை 'ஹென்றி முறை' என்றே அழைத்தது. 1900-இல் வெளிவந்த ஹென்றியின் நூலில் உழைத்த இருவருக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து 1926-இல்தான், தம் ஊழியர்களில் இதற்கு அதிகம் பங்களித்தவர் ஹக் என ஹென்றி எழுத்தில் ஒப்புக்கொண்டார். கான் பகதூர் பட்டமும் வெகுமதியும் பெற்ற ஹக், 1935-இல் காலமாகி பீகாரின் மோத்திஹாரியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஜல்பைகுரித் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அங்கிருந்த பஞ்சாங்கம் ஒன்றில் பதிந்திருந்த விரல் தடம், முன்பு தண்டனை பெற்ற அவருடைய பழைய வேலையாளின் கட்டை விரலோடு பொருந்தியது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தது, கொலைக்காகத் தண்டிக்கவில்லை. அவன் அங்கு வந்தான் என்பதையே ரேகை காட்டியது. கொன்றான் என்பதைக் காட்டவில்லை. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே ஏற்க வேண்டும் என்னும் நெறியை இத்தீர்ப்பு உணர்த்துகிறது. யூசுஃப் நபி (அலை) அவர்களின் சட்டை முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா எனப் பார்த்து உண்மையை அறிந்த வரலாற்றை ஓதிவரும் நமக்கு இது புதிய பாடமன்று.

சென்னையும் விழுப்புரமும்

தடய அறிவியலில் தமிழகம் முன்னோடி என்று கூறினால் மிகையாகாது. 1849-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் ஏற்பட்டது. நாட்டில் இத்தகைய ஆய்வகங்களில் முதலாவது இதுவே. நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாக ஐயுறப்பட்டவர்களின் உடற்கூறுகளில் நஞ்சு உள்ளதா எனக் காண்பது அதன் தலையாய பணி. இன்று தடய அறிவியல் துறை சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணுக்குகளைக் கொண்டு, வெடிகுண்டு இடைவாரில் கட்டப்பட்டிருந்ததை நிறுவியவர் அத்துறையின் அன்றைய இயக்குநர் முனைவர் பி. சந்திரசேகரன். 2000-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

நம் விழுப்புரத்திலும் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இயங்கி வருகிறது. இரயில் சந்திப்பு என்றே விழுப்புரத்தை அறிந்தவர்கள் இதனையும் அறிந்துகொள்ள வேண்டும். 2023 மே மாதம் திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் நச்சுச் சாராயம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை நாம் கண்ணெதிரே கண்டோம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் மெத்தனால் கலந்திருந்ததை ஆய்வகச் சோதனையே உறுதிப்படுத்தியது. மெத்தனாலும் எத்தனாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாயு நிறப்பிரிகைக் கருவியோ இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டிவிடும். நஞ்சு இன்னதென உறுதியாகத் தெரிந்தால் மருத்துவர்க்குச் சிகிச்சையில் தெளிவு. நீதிமன்றத்திற்கு வலுவான சான்று. ஆய்வக மேசையில் அமர்ந்திருப்பவரின் பணியும் உயிர்களைக் காக்கும் பணியே.

அறிவிப்பாளர் வரிசையும் மின்னணுச் சான்றும்

கணினியும் கைபேசியும் வந்தபின் குற்றம் உருமாறியது, தடயமும் உருமாறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இணையக் குழுவில் ஒரு பெண்ணின் பெயரால் ஆபாசச் செய்திகளை வெளியிட்ட ஒருவருக்கு 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அச்சட்டத்தின் கீழ் நாட்டில் கிடைத்த தொடக்ககாலத் தண்டனைகளில் அது முக்கியமானது.

மின்னணுச் சான்றை எவ்வாறு நம்புவது? ஒரு கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கண்ணுக்குத் தெரியாதே! இதற்கு 'ஹாஷ்' என்னும் கணக்கு முறை உண்டு. கோப்பு முழுவதையும் கணித்து 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையைத் தருவது அதன் ஒரு வகை. ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் இந்த முத்திரையைக் குறிப்பிடச் சொல்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்கே சென்று பார்வையிட வேண்டும் என்பதும் புதிய நடைமுறைச் சட்டத்தின் விதி. மாநில அரசுகள் இதனை ஐந்தாண்டுகளுக்குள் படிப்படியாகச் செயல்படுத்த வேண்டும். அங்ஙனமாயின் வல்லுநர்களின் தேவை இனி எவ்வளவு பெருகும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இவற்றைக் கேட்டறிந்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது ஹதீஸ் கலையே. யார் யாரிடமிருந்து கேட்டார்? இருவரும் சந்தித்ததுண்டா? நினைவாற்றல் உள்ளவரா? நம்பகமானவரா? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அறிவிப்பு பலவீனமாகும். நீதிமன்றமும் அதையே கேட்கிறது. கைப்பற்றியவர் யார்? முத்திரையிட்டவர் யார்? யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது? இடையில் ஒரு கை விடுபட்டாலும் சான்று ஐயத்திற்குரியதாகும். நம் மதரஸாக்களில் பயின்ற பிள்ளைகளுக்கு இத்துறை அந்நியமன்று.

கற்பதற்கு வழி

வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றில் இளங்கலை பயின்றோர் முதுகலையில் தடய அறிவியல் கற்கலாம். அத்துறைக்கான இளநிலை அறிவியல் அலுவலர் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் கணினித் தடயவியல் மற்றும் தகவல் பாதுகாப்பில் முதுகலைப் பாடம் நடத்தி வந்துள்ளது. குஜராத்தின் காந்திநகரில் தொடங்கிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. கணினி அறிவியல் படிப்போர் இணையப் பாதுகாப்பில் நுழையலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. முதற்படி நம் ஊரிலேயே உள்ளது.

இத்துறையில் திறமையைக் காட்டும் களமும் புதிர்தான். 'கொடியைப் பிடித்தல்' என்னும் போட்டியில், ஒரு படத்திலோ நிரலிலோ மறைத்து வைக்கப்பட்ட சொல்லைக் கண்டெடுக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் 'பிகோ சி.டி.எஃப்.' போட்டிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: போட்டிக்கென அமைத்த பூட்டைத் திறப்பது பயிற்சி. பிறர் வீட்டுப் பூட்டைத் திறப்பது குற்றம். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது, விளையாட்டாக இருப்பினும், சட்டப்படியும் மார்க்கப்படியும் தடுக்கப்பட்டதே.

நமது பொறுப்பு

அந்தப் பையனின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஜாமீனில் இருக்கிறான். அண்மையில் அவனை அழைத்து, ஹக்கின் கணக்கைச் சொல்லிக் காட்டினோம். நாம் ஒரு தாள் முழுவதும் எழுதி விளக்கியதை அவன் பாதியிலேயே பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், சுழி உண்டு, இல்லை என்று இரண்டே நிலைதானே? கணினியும் இப்படித்தான் எண்ணுகிறது" என்றான். நமக்குக் கண்கள் பனித்தன. இந்த அறிவின் விலையா மூவாயிரம் ரூபாய்? கல்லூரி முதல்வர் ஒருவர் சுட்டிக்காட்டியதால் ஹக்கிற்கு வழி பிறந்தது. நம் பையனுக்குச் சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை, நாமும் இல்லை.

ஆகவே ஆண்டுப் பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஞாயிறுதோறும் மக்தப் முடிந்தபின் ஒரு மணி நேரம் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கணக்கும் புதிரும் கற்பிக்க வேண்டும். வாரிசுரிமைக் கணக்கிலிருந்து நாமே தொடங்கி வைக்கிறோம். இரண்டாவது, பைத்துல்மால் கல்வி உதவியில் இத்துறைகளைப் பயில விரும்பும் ஏழை மாணவ மாணவியர்க்கும் இடமளிக்க வேண்டும். மூன்றாவது, வங்கிக் கணக்கு, அட்டை, சிம், இரகசிய எண் ஆகியவற்றை எவருக்கும் இரவலாகவோ வாடகைக்கோ தரக்கூடாது என்பதையும், பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் வீடுதோறும் அறிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுமுன் முடக்க வழியுண்டு.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு மூலையில் அமர்ந்து புதிரோடு போராடிக்கொண்டிருந்தால், நாம் கேட்டதுபோல் "எதற்குப் பயன்படும்?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அருகே அமர்ந்து, "எங்கே, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவை நீதிக்குத் துணையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.